முருகேசனின் இரண்டு கார்டும் என் வயிற்றெரிச்சலும்

ஹெட்செட் மாட்டிக்கொண்டு முதல் மாதம் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கிரெடிட் கார்டு பாக்கியைப் போனில் பேசி வசூலிக்கிற வேலையில் இருபத்தோரு வருடம் இருந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் மூன்று கட்டடம் மாறினோம். வேலை மாறவில்லை.

எந்த நேரத்தில் கூப்பிடுவது, கத்துகிறவரை எப்படிச் சமாளிப்பது என்பதையெல்லாம் உங்கள் டிரெய்னர் சொல்லித் தருவார். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். பக்கத்து சீட்டுக்காரி மேல் வருகிற பொறாமையைப் பற்றி அவர் சொல்ல மாட்டார். நான் சொல்கிறேன். எனக்கு அதில் நல்ல அனுபவம்.

அவள் பெயர் புவனா. நான் சேர்ந்து பத்தொன்பது வருடம் ஆனபோது வந்தாள். திண்டுக்கல் பக்கத்துப் பெண். புருஷனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. லிஃப்ட் வைத்த ஃபிளாட். சம்பளத்துக்காக வேலைக்கு வர வேண்டிய நிலையில் இல்லாதவள் என்று முதல் நாளே எனக்கு எரிந்தது. நான் அம்பத்தூரை அடுத்த பாடியில் பிறந்தவள். என் அப்பா நெல் வயலில் கூலிக்குப் போனவர். வயல் தொழிற்சாலை ஆன பிறகு அதே இடத்தில் லாரியில் மூட்டை ஏற்றினார். எனக்கு வேலை என்பது சோறு. அவளுக்கு அது பொழுதுபோக்கு என்று நானாக முடிவு செய்துகொண்டேன். அவளிடம் கேட்கவில்லை.

எனக்கு ஒரு நாளைக்கு நூற்றைம்பது போன் கால். அவளுக்கு அறுபது தேறினால் அதிகம். ஆனால் மாதக் கடைசியில் சுவரில் இருக்கிற வெள்ளைப் பலகையில் மேலே அவள் பெயர் இருக்கும், கீழே என் பெயர் இருக்கும். ஒவ்வொரு மாதமும் இப்படித்தான். பூந்தமல்லியிலிருந்து ஒரு பாக்கிதாரர் தீபாவளிக்கு அவளுக்கு ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். கடன் கேட்டு போன் செய்கிறவளுக்கு ஸ்வீட் பாக்ஸ்! இருபது தீபாவளி பார்த்த எனக்கு வந்ததெல்லாம் வசவு. அவள் அந்த மைசூர்பாகை எல்லார் மேசைக்கும் எடுத்து வந்தாள். எனக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டேன். எனக்குச் சர்க்கரை கிடையாது.

அவள் எப்படிப் பேசுகிறாள் என்று ஹெட்செட்டைப் பாதி நகர்த்திவைத்துக்கொண்டு கேட்பேன். நாங்கள் எல்லாரும் "எப்ப கட்டறீங்க?" என்று ஆரம்பிப்போம். அவள் "வேலைக்குப் போய்ட்டு இருக்கீங்களா சார்?" என்று ஆரம்பிப்பாள். வேலை போய்விட்டது என்று எதிரில் இருப்பவர் சொன்னால், அடுத்த பத்து நிமிடம் கார்டைப் பற்றியே பேச மாட்டாள். வாடகை கட்டியாயிற்றா, பிள்ளை எந்த வகுப்பு, அரிசி இருக்கிறதா. பிறகு நிதானமாகச் சொல்வாள்: ஒரு கார்டில் பணம் எடுத்து இன்னொரு கார்டுக்குக் கட்டாதீர்கள். தானாகப் பணம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்த அனுமதியை நிறுத்திவிடுங்கள். கார்டு கொடுத்த வங்கியிலேயே உங்கள் கைச்செலவுப் பணத்தையும் வைத்திருக்காதீர்கள். வேலை இல்லை என்று வங்கிக்கு எழுதிப் போடுங்கள், போட்டதற்கு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் டீ நேரத்தில் கேட்டேவிட்டேன்.

"ஏம்மா, நீ பேங்க் ஆளா, கடங்காரன் ஆளா?"

"ரெண்டும்தான்க்கா. வேலை இல்லாதவர்கிட்ட இன்னைக்கு ரெண்டாயிரம் புடுங்கினா அடுத்த மாசம் போனையே எடுக்க மாட்டாரு. அந்த ரெண்டாயிரத்துல வட்டி கூட அடையாது. அவரை ஒரு வேலையில உக்கார விட்டா மொத்தமா பேசலாம்."

"அதுக்குள்ள வேற எவளாச்சும் வாங்கிட்டு போயிடுவா."

"எங்க போனாலும் எங்கிட்டதான்க்கா வந்து கட்டுவாங்க."

திமிரில் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள், மழை வரும் என்கிற மாதிரி. அது உண்மையாகவும் இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

இப்போது முருகேசன். நெமிலிச்சேரியில் வாடகை வீடு. பாடியில் கார் உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலையில் தகடு வெட்டுகிற பிரஸ் மிஷின் ஓட்டினவர், பதினான்கு வருடம். கம்பெனி ஒரு லைனை மூடியது, அந்த லைனில் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். சம்பளம் இருந்த காலத்தில் இரண்டு வங்கிக்காரர்கள் தொழிற்சாலை வாசலிலேயே குடை போட்டு உட்கார்ந்து கொடுத்த இரண்டு கார்டு அவரிடம் இருந்தது. மகளுக்குக் காலேஜ் ஃபீஸ், மனைவிக்கு ஒரு ஆபரேஷன். வேலை போகும்போது இரண்டிலும் பாக்கி நின்றது.

இரண்டு வங்கியின் வசூலும் எங்கள் ஆபீசில்தான். ஒரு கார்டு புவனா லிஸ்டில், மற்றது என் லிஸ்டில். ஆள் ஒருவரே. எங்கள் சிஸ்டத்தில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு, பேசியதை அதில் எழுதி வைக்க வேண்டும். ஒரே ஆளின் இரண்டு கணக்கு இருந்தால் ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி பார்க்கலாம். நாங்கள் எழுதுவது இப்படி இருக்கும்: "கட்டுவதாகச் சொன்னார்", "மனைவி எடுத்தார்", "திட்டினார்". புவனா அவருடைய கட்டத்தில் ஒரு கடிதமே எழுதி வைத்திருந்தாள்.

வேலை போனவர்களுக்கு ஈ.எஸ்.ஐ.யில் மூன்று மாதம்வரை பாதிச் சம்பளம் தருகிறார்கள். வாழ்நாளில் ஒருமுறைதான். அதற்கு எப்படி எழுதிப் போடுவது என்பதை முருகேசனுக்குச் சொன்னதே அவள்தான். இரண்டாவது மாதப் பணம் வெள்ளிக்கிழமை வரும் என்று குறிப்பில் இருந்தது. அதற்குக் கீழே: "இது சரக்குத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் பயிற்சிக் கட்டணம். செம்பரம்பாக்கம் கிடங்கில் ஆள் எடுக்கிறார்கள், சான்றிதழ் கேட்கிறார்கள். திங்கள்கிழமை வகுப்பு. தயவுசெய்து இந்தப் பணத்தைக் கேட்க வேண்டாம்."

"தயவுசெய்து" என்பது எனக்கு எழுதியது. அவருடைய மற்ற கார்டு என்னிடம்தானே இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மாதத்தின் கடைசி வேலை நாள். பலகையில் அவளும் நானும் சமம். முதல்முறையாக. டீம் லீடர் நாற்காலி காலியாக இருந்தது, அந்த மாதம் மேலே இருப்பவருக்குத்தான் என்று மேனேஜர் வாய்விட்டே சொல்லியிருந்தார். எனக்கு ஐம்பத்தாறு வயது. அவளுக்கு முப்பத்திரண்டு. இன்னும் ஒரே ஒரு கணக்கு வந்தால் நான் மேலே.

காலை பத்தரை மணிக்கு முருகேசன் நம்பரைப் போட்டேன்.

"யாரும்மா?"

"உங்க ரெண்டாவது கார்டு விஷயமா பேசறேன் சார். சரோஜா."

"அல்லாத்தையும் புவனா மேடத்தாண்ட சொல்லிட்டனே மேடம். திங்கக்கெழம கிளாஸு. இப்பத்தான் துட்டு ஏறிச்சு. கிளாஸ் ஃபீஸ் கட்டறதுக்குப் பூந்தமல்லி கெளம்பினு கீறேன்."

அவர் என்னிடம் மறைக்கவில்லை பாருங்கள். பணம் வந்ததைத் தானாகவே சொன்னார். நாங்கள் ஒரே ஆபீஸ் என்கிற நம்பிக்கை. என் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவர் ஒரு ரூபாய் தர மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆகவே சொன்னேன்:

"புவனா மேடம்தான் என்ன பேசச் சொன்னாங்க சார்."

"அவங்களா?"

"ஆமா. ரெண்டாவது கார்டு கேஸு மேல போற நெலமையில இருக்கு. இன்னிக்கு மினிமம் மட்டும் கட்டிடுங்க, கிளாஸ அடுத்த பேட்ச்ல பாத்துக்கலாம்னு சொல்லச் சொன்னாங்க."

அந்தப் பக்கம் அவர் மனைவி குரல் கேட்டது.

"இன்னாய்யா, மூஞ்சி ஒரு மாதிரி போவுது?"

"புவனா மேடம் இத்த கார்டுக்குக் கட்டச் சொல்றாங்களாம்."

"அப்ப கட்டிடு. அந்தம்மா சும்மா சொல்ல மாட்டாங்க."

நான்கு நிமிடத்தில் பணம் வந்தது. பயிற்சிக் கட்டணத்துக்கு வைத்திருந்ததில் முக்கால்வாசிக்கு மேல். நான் எழுந்து போய் பலகையில் என் பெயரை அழித்து மேலே எழுதினேன். மத்தியானம் நன்றாகவே சாப்பிட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தப்பு செய்யும்போது உள்ளே ஏதோ உறுத்தும், அதை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உறுத்தாது. இலக்கு எட்டின அன்றைக்கு எதுவும் உறுத்தாது.

அந்த மினிமம் அவருக்கு எதைத் தந்தது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றும் தரவில்லை. அசல் அப்படியே. வட்டி அடுத்த நாளே ஓட ஆரம்பித்துவிட்டது. கேஸ் மேலே போகிறது என்று நான் சொன்னதும் பொய்.

திங்கள்கிழமை பதினோரு மணிக்கு முருகேசன் ஆபீசுக்கு வந்தார். பாக்கிதாரர்கள் நேரில் வருவது அபூர்வம். செக்யூரிட்டி கூப்பிட்டார், வாசலுக்கு அருகில் உட்கார்ந்திருந்தவள் நான். இஸ்திரி போட்ட சட்டை. கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஆதார் நகலும் இரண்டு போட்டோவும்.

"நீங்கதான் புவனா மேடமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

அவர் அவளைப் பார்த்ததே இல்லை. நான் இல்லை என்று தலையாட்டினேன். குரல் கொடுத்தால் அடையாளம் தெரிந்துவிடும்.

புவனா வந்தாள்.

"மேடம், நீங்க சொன்னீங்கன்னு அன்னிக்கே கட்டிட்டேன். மீதிய வெச்சிகினு கிளாஸ்க்குப் போனேன், பாக்கிய அப்பால தர்றேன்னு கெஞ்சனேன். முழுசா கட்டினாத்தான் உள்ளன்னுட்டான். அடுத்த பேட்ச்சு அஞ்சு வாரம் கயிச்சாம். கோடவுன்ல இந்த மாசத்துக்குள்ள சர்டிபிகேட் இல்லாட்டி வேற ஆளப் பாத்துப்பாங்களாம். ஈ.எஸ்.ஐ.ல இன்னும் ஒரே ஒரு மாசத் துட்டுதான் கீது, அது ரெண்டு மாச வாடக. இப்ப நான் இன்னா பண்ணட்டும்? நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

புவனா அவரைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அரை விநாடிகூட இருக்காது. அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் மேசையில் இருந்த ஸ்டேப்ளரை எடுத்துத் திறந்து மூடினேன்.

"ஆமா சார்," என்றாள். "நான்தான் சொன்னேன். தப்பா நெனச்சுட்டேன். என்னை மன்னிச்சுருங்க. ரெண்டு நாள் குடுங்க, ஏதாவது பாக்கறேன்."

"ஐய, மன்னிப்பெல்லாம் எதுக்கு மேடம்? நீங்க வோணும்னு செய்வீங்களா?" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போனார்.

இந்த இடத்தில் நான் வெட்கப்பட்டேன், அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். எனக்கு வந்தது கோபம். சாப்பாட்டு அறையில் கதவைச் சாத்தினேன்.

"யாரு கேட்டா உன்னை?"

"சத்தம் போடாதீங்கக்கா."

"என் தப்ப நீ எதுக்கு வாங்கற? பெரிய தியாகியா?"

"நீங்கன்னு தெரிஞ்சா அவர் புகார் எழுதுவாரு. கால் ரெக்கார்டிங் எடுப்பாங்க. வேலை போயிரும். இந்த வயசுல எங்கக்கா போவீங்க?"

இந்த வயசுல. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அறைந்திருந்தாலும் தாங்கியிருப்பேன். அவள் என் மேல் பரிதாபப்பட்டாள். வசூலில் மேல், பேச்சில் மேல், ஸ்வீட் பாக்ஸில் மேல், இப்போது மனசிலும் மேல். எனக்கென்று ஒன்றையுமே விட்டுவைக்க மாட்டாளா?

அந்த எரிச்சலில்தான் ஒரு விஷயம் மண்டையில் தட்டியது. அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். பல வருடம் முன்பு, நாங்கள் பழைய கட்டடத்தில் இருந்தபோது ஒரு கேஸ் பார்த்திருக்கிறேன். பொய் சொல்லிப் பணம் வாங்கினோம் என்று எழுத்தில் பதிவாகிவிட்டால், வங்கி அந்தப் பணத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும். வசூல் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி உண்டு. யாரும் படிக்க மாட்டார்கள். என்னை ஒருமுறை படிக்க வைத்தார்கள்.

"ரெண்டு நாள்ல என்னடி பாப்ப? உன் கையிலேர்ந்து குடுப்பியா?"

"வேற வழி இல்லன்னா குடுப்பேன்."

"பாக்கிதாரருக்குக் காசு குடுத்தா உன் வேலையும் போயிடும். முட்டாள். புகார் வந்தாத்தான் அந்தத் துட்டு திரும்பும். நீ நாந்தான்னு சொல்லி புகாரையே அமுக்கிட்ட. என்ன காப்பாத்தி அவனக் கவுத்துட்ட."

அவள் முகம் வெளுத்தது. அவளுக்கு அது தோன்றவே இல்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? இரண்டு வருடத்தில் முதல்முறையாக நான் சரி, அவள் தப்பு.

நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"சரோஜாம்மா, நான் எதையும் கேக்கல. நீங்க சீட்டுக்குப் போங்க."

"எழுதிக் குடுக்கறேன் சார்."

"எழுதினா நான் பேங்க்குக்கு அனுப்பணும். அனுப்பினா உங்கள வெச்சிக்க முடியாது. டீம் லீடர் லெட்டர் டைப் ஆகி கீழ இருக்கு. யோசிச்சுப் பேசுங்க."

ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் முன்னால் இருந்தன. நான் யோசித்தேன். என்னிடமும் இரண்டு கார்டு இருந்தது. புவனா வைத்திருந்த மாதிரியே ஒரு போன் வாங்கியிருந்தேன், அவள் வீட்டு கிரகப்பிரவேசத்தில் பார்த்ததைவிடப் பெரிய ஃபிரிட்ஜ் வாங்கியிருந்தேன். எல்லாம் தவணையில். ஊர்ப் பாக்கியை வசூலிக்கிறவள் என் பாக்கியை மாதாமாதம் உருட்டிக்கொண்டிருந்தேன். வேலை போனால் நான் முருகேசன். பேனாவைக் கீழே வைத்தேன்.

கண்ணாடிக்கு வெளியே புவனா நின்றிருந்தாள். வேண்டாம் என்று தலையாட்டினாள். ஒரு வழி பண்ணிக்கலாம் என்று கையால் சாடை காட்டினாள்.

அதைப் பார்த்ததும் எழுதினேன். நேர்மைக்காக எழுதினேன் என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். அவள் என்னை மன்னிக்கிற இடத்தில் நிற்பதைப் பொறுக்க முடியாமல் எழுதினேன். இருந்தாலும் எழுதியது உண்மை, அது போக வேண்டிய இடத்துக்குப் போனது. மனசு சுத்தமான பிறகு சரியானதைச் செய்யலாம் என்று காத்திருந்தால் முருகேசன் மாதிரி ஆட்கள் தெருவில் நிற்பார்கள். அழுக்கு மனசோடு செய்யுங்கள். பரவாயில்லை.

மறுநாள் விசாரணை. மேனேஜர் அறையில் வங்கி அதிகாரி ஒருவர், நான், மேசை மேல் ஸ்பீக்கரில் முருகேசன். ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டினார்கள். என் குரலை நானே கேட்டேன். எவ்வளவு இனிமையாக இருந்தது! இருபத்தோரு வருடத்தில் அவ்வளவு நன்றாக நான் யாரிடமும் பேசியதில்லை. எல்லாம் அவளிடமிருந்து ஒட்டுக் கேட்டு எடுத்தது.

"அப்ப புவனா மேடம் சொல்லலியா?" என்றார் முருகேசன்.

"சொல்லல சார். அவங்க பேர வெச்சி நான்தான் வாங்கினேன்."

"இன்னாத்துக்குமா?"

அதிகாரி என்னைப் பார்த்தார். இலக்கு, அழுத்தம், மாதக் கடைசி என்று சொல்லலாம். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள்.

"பொறாம சார்."

"பொறாமையா? எம்மேலயா? எங்கிட்ட கீறது ரெண்டு கார்டு கடனும்மா. அத்தப் பாத்தா பொறாம?"

வங்கி அதிகாரி சிரிப்பை அடக்க இருமினார்.

"உங்க மேல இல்ல சார். அவங்க மேல."

ஸ்பீக்கரில் முருகேசன் குரல் மாறியது.

"உங்க ரெண்டு பேர் சண்டைக்கு எங்கூட்டு அரிசியாம்மா கெடச்சுது? பதினாலு வருசம் பிரஸ்ல கை வெச்சவன், ஒரு விரல் போவல. உங்க ஒரு போன்ல போயிருக்கும்மா எல்லாம். நல்லாருங்க."

பதில் இல்லாத இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதும் இந்த வேலையில் தெரிந்திருக்க வேண்டும்.

வங்கி வியாழக்கிழமை பணத்தைத் திருப்பியது. அதே மத்தியானம் முருகேசன் பூந்தமல்லிக்குப் போய்க் கட்டணத்தைக் கட்டினார். தவறிப்போன நான்கு நாள் பாடத்தை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிக்கலாம் என்று புவனா அந்தப் பயிற்சிக்காரரிடம் பேசி வைத்திருந்தாள். மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது சான்றிதழ் கையில் வந்தது. செம்பரம்பாக்கம் கிடங்கில் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த எட்டு மாதத்தில் இரண்டு கார்டையும் தள்ளுபடி பேசி முடித்தார், இரண்டுக்கும் கடன் தீர்ந்தது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டார். இரண்டையும் முடித்துக் கொடுத்தது புவனா. இரண்டு இன்சென்டிவும் அவளுக்கே. டீம் லீடர் நாற்காலியும் அவளுக்கே. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவளேதான் போன் செய்து சொன்னாள். அதுவும் எரிந்தது.

பணம் திரும்பிய மறுநாள், வெள்ளிக்கிழமையே என்னை அனுப்பிவிட்டார்கள். ஓய்வு பெற்றேன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்கிறேன். உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும்? துரத்தினார்கள்.

வேலை போன மறுவாரம் ஈ.எஸ்.ஐ. ஆபீசுக்குப் போனேன், அந்தப் பாதிச் சம்பளத்தைக் கேட்க. ஒழுங்கு நடவடிக்கையில் வெளியேறியவருக்கு அது கிடையாது என்று ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் முருகேசனை நினைத்துக்கொண்டு வந்தேன். அவருக்கு மூன்று மாதம் இருந்தது. பொறாமைக்கு வெட்கம் ஏது? யாரை ஏமாற்றினேனோ அவர் மேலேயே வந்தது.

பிறகு நானே பாக்கிதாரி. புவனா போனில் சொல்வதை இரண்டு வருடம் ஒட்டுக் கேட்டிருந்தேன் இல்லையா, அதன்படி செய்தேன். அவளிடம் கேட்கவில்லை, கேட்டால் ஓடி வந்திருப்பாள். முதலில் தானாகப் பிடிக்கிற அனுமதியை நிறுத்தினேன். கையில் இருந்ததை வேறு வங்கிக்கு மாற்றினேன். வேலை இல்லை என்று இரண்டு வங்கிக்கும் எழுதி, நகலை ஃபிரிட்ஜ் மேல் காந்தத்தில் மாட்டினேன். பி.எஃப். பணம் வந்தபோது அதை அப்படியே கார்டில் கொட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று ஆசையாக இருந்தது. கொட்டவில்லை. ஆறு மாத வாடகையை முதலில் எடுத்து வைத்தேன். கார்டில் கொட்டியிருந்தால் இரண்டாம் மாதம் அரிசிக்கு மறுபடி அதே கார்டைத்தான் தேய்த்திருப்பேன். புவனாவைப் பார்த்து வாங்கிய போனைப் பாதி விலைக்கு விற்றுவிட்டுப் பழைய போனுக்கே வந்தேன். ஃபிரிட்ஜை விற்க மனசு வரவில்லை. வாடகை, கரண்ட், சோறு. அதற்குப் பிறகுதான் வங்கி. வேலையில் இருந்தபோது இந்த வரிசையைச் சொன்ன ஒவ்வொருவரையும் நான் ஏமாற்றுக்காரன் என்று குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

ஒரு நாளைக்கு ஏழு எட்டு கால் வரும். பெரும்பாலும் எடுக்க மாட்டேன். ஒருநாள் காலை, எரிச்சலில் எடுத்தேன். சின்னப் பெண். தாளைப் பார்த்துப் படிக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. உங்களைப் போல முதல் மாதம்.

"வணக்கம் மேடம். இப்ப வேலைக்குப் போய்ட்டு இருக்கீங்களா?"

இதைக் கேட்கச் சொல்லித் தாளில் இருக்காது. எனக்குத் தெரியும்.

"இல்ல. துரத்திட்டாங்க. துட்டு இல்ல. இருக்கறது வாடகைக்கு. தர மாட்டேன். என்ன பண்ணுவ, பண்ணிக்கோ."

"சரிம்மா. வாடகைய விட்டுடாதீங்க. வேற எங்கயாச்சும் பாத்துட்டு இருக்கீங்களா?"

"பாத்துகினுதான் கீறேன். அம்பத்தாறு வயசுக்கு எவன் தருவான்?"

"கெடைக்கும்மா. எழுதி வெச்சிக்கறேன்."

"என்னன்னு எழுதுவ?"

"வேலை தேடறாங்க, இந்த மாசம் கேக்க வேணாம்னு."

"இப்பிடி எழுதினா உங்க மேனேஜர் திட்ட மாட்டாரா? யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்லம்மா. எங்கப்பாவுக்கும் ஆவடில வேலை போயிடுச்சு. எங்க வீட்டுக்கும் இந்த மாதிரி கால் வருது."

இருபத்தோரு வருடத்தில் எனக்கு வராதது இந்தப் பெண்ணுக்கு முதல் மாதத்திலேயே வந்திருந்தது. வயிறு பற்றி எரிந்தது. பெயர் கேட்டேன், சொன்னாள். எத்தனை நாளைக்கு இந்த வேலையில் இவளை வைத்திருப்பார்களோ என்று நினைத்துக்கொண்டேன். வைத்தால் நல்லது. பக்கத்து சீட்டில் என்னைப் போல ஒருத்தி இல்லாமல் இருக்க வேண்டும்.

எனக்கு ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிற வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வந்ததும் அந்தப் பெண்ணிடம்தான் கட்ட வேண்டும் என்று, மாதக் கடைசி வரை போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கால் வந்தது. வேறு ஒருத்தி. "எப்ப கட்டறீங்க?" என்று ஆரம்பித்தாள். நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். பணம் என் கையில்தான் இருந்தது.